டிஸ்ப்ளே வராத போர்டு: அன்றும் இன்றும்

புகார் மாறவே இல்லை. “ஆன் ஆகுது, ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல.” தொண்ணூறுகளில் சென்னை ரிச்சி தெருவின் மாடிக்கடை ஒன்றுக்கு சிபியு பெட்டியைத் தோளில் சுமந்து ஏறியவர் சொன்னதும் இதுதான். இன்று அதே கோளாறை 15 வினாடி வீடியோவாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர் சொல்வதும் இதுதான். மாறியிருப்பது, பதிலுக்கு மெக்கானிக் கேட்கும் கேள்வி. அன்று, “பீப் வருதா சார், எத்தனை பீப்?” இன்று, “போர்டுல எந்த லைட் நின்னு எரியுது?”

ஒரு மதர்போர்டு எழுந்திருப்பது படிப்படியாக நடக்கும் காரியம். மின்னழுத்தங்கள் நிலைப்பட்டதும், போர்டுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் ‘பவர் குட்’ என்று ஒரு சிக்னல் கொடுக்கும். அதற்குப் பிறகே பிராசஸர் விழித்து, போர்டை எழுப்பும் நிரலான பயாஸ் இருக்கும் சிப்பிலிருந்து முதல் கட்டளையைப் படிக்கும். பயாஸ் போர்டைச் சோதித்து, ரேமைக் கண்டுபிடித்து, டிஸ்ப்ளே கார்டை எழுப்பும். இத்தனையும் முடிந்த பின்தான் திரையில் முதல் எழுத்து. எனவே இதற்கு முந்தைய எந்தப் படியில் தடுக்கினாலும் அதைத் திரையில் எழுதிக் காட்ட வழியில்லை. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பிசியை வெளியிட்டபோதே இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை வைத்திருந்தது: பெட்டிக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர். எல்லாம் சரியென்றால் ஒரே ஒரு குட்டை பீப். டிஸ்ப்ளே கார்டில் கோளாறென்றால் ஒரு நீளம், இரண்டு குட்டை.

பிறகு பயாஸ் எழுதும் நிறுவனங்கள் பெருகின. ஆளுக்கொரு பீப் அட்டவணை வந்தது. இந்தியப் பொறியாளர் ஒருவர் இணைந்து 1985-இல் அமெரிக்காவில் நிறுவிய, பின்னர் சென்னையிலும் அலுவலகம் திறந்த அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸின் பயாஸில் மூன்று பீப் என்றால் ரேமின் முதல் 64 கேபி. ஐந்து என்றால் பிராசஸர். எட்டு என்றால் டிஸ்ப்ளே நினைவகம். பட்டியல் பதினொன்று வரை போகும். அவார்டு பயாஸ் பேச்சைக் குறைத்துக்கொண்டது. ஒரு நீளம் இரண்டு குட்டையும், ரேம் இல்லையென்றால் நிற்காமல் அடிக்கும் கூச்சலுமே அதில் அதிகம் கேட்டவை. ஃபீனிக்ஸ் பயாஸ் ஒன்று, மூன்று, ஒன்று என்று இடைவெளி விட்டுத் தந்தி அடிக்கும். ரிச்சி தெருவை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவின் இரைச்சலில், பக்கத்துக் கடையில் யாரோ ஆம்ப்ளிஃபயர் சோதித்துக்கொண்டிருக்க, கேபினெட்டின் முகப்பில் காதை வைத்து எண்ணுவார்கள். பாதியில் லாரி ஹாரன் அடித்தால் மறுபடியும் சுவிட்சை அணைத்துப் போட வேண்டியதுதான்.

பீப்பே வராதபோது ஒரு சோதனை உண்டு. ரேம் அத்தனையையும் கழற்றிவிட்டு, வெறும் போர்டை ஆன் செய்வார்கள். ரேம் இல்லை என்று போர்டு கத்தினால் மெக்கானிக்கின் முகம் தெளிந்துவிடும். கத்துவதற்குப் பிராசஸர் ஓட வேண்டும், பயாஸ் படிக்கப்பட வேண்டும், போர்டின் முக்கியமான மின்னழுத்தங்கள் இருக்க வேண்டும். கத்தல் வந்தால் பாதிக்கு மேல் பிழைத்த மாதிரி. அப்போதும் கத்தாத போர்டைத்தான் தனியாக எடுத்து வைப்பார்கள், சில சமயம் ஸ்பீக்கர் ஒயரே மாட்டப்படவில்லை என்பதைப் பிறகு கண்டுபிடிக்கவும் செய்வார்கள்.

இன்றைய போர்டுகளில் ஸ்பீக்கர் மாட்டுவதற்கான நான்கு பின் இடம் இன்னும் இருக்கிறது. ஸ்பீக்கர் பெரும்பாலும் இல்லை. பதிலுக்கு, ரேம் ஸ்லாட்டுக்குப் பக்கத்து ஓரத்தில் அரிசி அளவில் நான்கு விளக்குகள்: சிபியு, டிரேம், விஜிஏ, பூட். ஒவ்வொன்றாக எரிந்து அணைந்துகொண்டே போகும். நின்று எரிவதுதான் தடுக்கிய இடம். விலை கூடிய போர்டுகளில் இரண்டு இலக்க எண்ணே தெரியும். இதைப் படிக்க மெக்கானிக் வேண்டாம்; போர்டு வாங்கிய கல்லூரி மாணவரே படித்துவிடுகிறார். கடைக்கு வரும்போது “டிரேம் லைட் நிக்குது” என்று நோயின் பெயரோடுதான் வருகிறார்.

இரண்டு இலக்க எண் புதிதல்ல. 1984-இல் வந்த ஐபிஎம் ஏடியிலேயே, ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு குறியீட்டு எண்ணை 80 என்ற போர்ட்டுக்கு அனுப்பும் வழக்கம் தொடங்கிவிட்டது. அதைப் பிடித்துக் காட்டும் கார்டு தனியாக விற்றது: முதலில் ஐஎஸ்ஏ ஸ்லாட்டில், பிறகு பிசிஐ ஸ்லாட்டில் செருகுவது, நடுவில் சிவப்பு எழுத்தில் இரண்டு இலக்கம். டீபக் கார்டு என்றும் போஸ்ட் கார்டு என்றும் சொல்வார்கள். அது கடையின் சொத்து. வாடிக்கையாளர் கையில் இருக்காது. அவார்டு பயாஸில் சி1 என்று நின்றால் ரேம். எஃப்எஃப் என்று நின்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எல்லாச் சோதனையும் முடிந்து ஹார்டு டிஸ்க்கைத் தேடப் போயிருந்தாலும் எஃப்எஃப். பிராசஸர் ஒரு கட்டளையைக்கூடப் படிக்காமல் கிடந்தாலும் பல கார்டுகளில் எஃப்எஃப். முழுதாக எழுந்ததற்கும் அடியோடு விழுந்ததற்கும் ஒரே அடையாளம். அனுபவசாலிகள் அப்போது கார்டைப் பார்க்கமாட்டார்கள். கீபோர்டில் நம்லாக்கைத் தட்டுவார்கள். விளக்கு மாறினால் போர்டு ஓடுகிறது, கோளாறு மானிட்டர் பக்கம்.

ரேம்தான் அன்றும் இன்றும் முதல் சந்தேகம். 486 போர்டில் 30 பின் சிம் கம்பிகள். ஒன்று 8 பிட்தான் தரும், பிராசஸருக்கு வேண்டியது 32. ஆகவே நான்கு நான்காகத்தான் போட வேண்டும், நான்கில் ஒன்று பிசகினாலும் திரை கறுப்பு. பெண்டியத்துக்கு 64 பிட்; 72 பின் கம்பிகளை இரண்டிரண்டாகச் செருகினார்கள். எது கெட்டது என்று கண்டுபிடிக்க, நல்லது என்று தெரிந்த கம்பியை வைத்துக்கொண்டு இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஒவ்வொரு கடையின் மேஜை டிராயரிலும் அந்த ‘நல்ல ரேம்’ இருந்தது. அதைக் கேட்டால் பக்கத்துக் கடைக்கு இரவல் கொடுப்பார்கள். மாலைக்குள் திரும்பி வந்துவிடும்.

கூடவே அழிப்பான். சென்னைக் காற்றின் ஈரமும் உப்பும் ரேம் கம்பியின் தொடுமுனைகளில் மங்கலாக ஒரு படலம் கட்டிவிடும். தகரப்பூச்சுள்ள கம்பியைத் தங்கப்பூச்சுள்ள ஸ்லாட்டில் போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம். பள்ளிக்கூட அழிப்பானை எடுத்து, முனைகளின் இரண்டு பக்கத்தையும் மேலிருந்து கீழாக ஒரே திசையில் நான்கைந்து இழுப்பு. வாயால் ஊதி, பிரஷ்ஷால் தட்டி, ஸ்லாட்டில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினால் ‘க்ளிக்’. டிஸ்ப்ளே வந்துவிடும். இவ்வளவுக்குமா காசு என்று வாடிக்கையாளர் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே சில மெக்கானிக்குகள், “நாளைக்கு வாங்க சார்” என்று பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டதும் உண்டு.

அழிப்பான் இன்றும் டிராயரில் இருக்கிறது. ஆனால் டிடிஆர்4, டிடிஆர்5 ரேமில் தொடுமுனைகள் 288. இடைவெளி அவ்வளவு நெருக்கம். அழிப்பான் துகள் ஒன்று ஸ்லாட்டில் விழுந்தால் இல்லாத கோளாறு வந்து சேரும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பஞ்சும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. சிம் கம்பிக்கு 5 வோல்ட் போதுமாக இருந்தது, எஸ்டிரேமுக்கு 3.3, டிடிஆர்5-க்கு 1.1. அந்த 1.1-ஐ இறக்கித் தரும் சிப்கூட இப்போது ரேம் கம்பியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கெடக்கூடியது ஒன்று போர்டிலிருந்து ரேமுக்கு இடம் மாறிவிட்டது; போர்டுக்கு நல்லது, ரேமுக்கு அவ்வளவு நல்லதல்ல.

மின்சாரத்தின் கதை இன்னும் நேரானது. முதல் ஐபிஎம் பிசியின் சப்ளை 63.5 வாட். இன்று விளையாட்டுக்காகக் கட்டும் பெட்டிக்கு 750, 850 வாட் என்று வாங்குகிறார்கள். பழைய ஏடி சப்ளையிலிருந்து போர்டுக்கு இரண்டு கனெக்டர் வரும், பி8, பி9. இரண்டும் ஒரே வடிவம். இடம் மாற்றிச் செருக முடியும். செருகினால் போர்டு போச்சு. ‘கறுப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் நடுவில் ஒட்டி நிற்கணும்’ என்பதுதான் தொழிலுக்கு வரும் பையனுக்கு முதல் நாள் சொல்லும் பாடம். முகப்பு சுவிட்சுக்கே 230 வோல்ட் நேராக வரும் என்பது இரண்டாவது பாடம். அதைப் பெரும்பாலும் கையே கற்றுக்கொண்டது.

1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் இந்த ஆபத்துகள் இரண்டையும் ஒழித்தது. கனெக்டரைத் திருப்பிச் செருக வழியில்லை; சுவிட்ச் வெறும் சிக்னல் ஒயர். எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்க, பச்சை ஒயரையும் கறுப்பையும் ஒரு கம்பித்துண்டால் இணைத்தால் போதும். ஆனால் புதுக்குழப்பமும் அதோடு வந்தது. அணைத்த பிறகும் போர்டில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை ஓடிக்கொண்டே இருக்கும். பழைய பழக்கத்தில் சுவரில் பிளக்கைப் பிடுங்காமல் ரேமைக் கழற்றியவர்கள் பலர். பிறகு பெண்டியம் 4 காலத்தில் பிராசஸருக்கென்று தனியாக 4 பின் 12 வோல்ட் கனெக்டர் வந்தது. அதைச் செருக மறப்பது அன்று தொடங்கி இன்றுவரை, புதிதாகப் பெட்டி கட்டுகிறவர் டிஸ்ப்ளே வரவில்லை என்று கூப்பிடுவதற்கான காரணங்களில் முன்வரிசையில் நிற்கிறது. ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், பிராசஸருக்கு மட்டும் பட்டினி.

பயாஸ் சிப்பின் விஷயத்தில் மாற்றம் முழுமையானது. முதல் ஐபிஎம் பிசியில் பயாஸ் 8 கேபி. இன்றைய போர்டுகளில் 32 எம்பி சிப் சாதாரணம், 4,096 மடங்கு. தொண்ணூறுகளின் நடுவில் பயாஸ் அழித்து எழுதக்கூடிய ஃப்ளாஷ் சிப்புக்கு மாறியது. எழுத முடிந்ததை அழிக்கவும் முடியும் என்பதை 1999 ஏப்ரல் 26 காட்டியது. தைவான் மாணவர் ஒருவர் எழுதிய சிஐஎச் வைரஸ், செர்னோபில் என்ற பெயரில் அறியப்பட்டது, அன்று கண்விழித்தது. ஹார்டு டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, வசதிப்பட்ட போர்டுகளில் பயாஸையும் துடைத்துப்போட்டது. மறுநாள் ஆன் செய்தால் பீப்பும் இல்லை, எழுத்தும் இல்லை. ஆசியாவில்தான் அடி பலம்.

அதற்குக் கடைகள் செய்த வைத்தியம், இன்று விவரித்தால் நம்ப மறுப்பார்கள். அதே மாடல் நல்ல போர்டு ஒன்றை டாஸ் ஃப்ளாப்பியில் எழுப்புவார்கள். எழுந்த போர்டு பயாஸை ரேமில் பிரதி எடுத்து வைத்துக்கொண்டுதான் ஓடும். சிப் உடனே தேவைப்படாது. அந்த நம்பிக்கையில், போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நல்ல சிப்பை சாக்கெட்டிலிருந்து மெல்லத் தூக்கிவிட்டு, துடைக்கப்பட்ட சிப்பை அதே திசையில் வைத்து அழுத்தி, ஃப்ளாஷ் நிரலை ஓட்டுவார்கள். எளிதாக வெளியே வரட்டும் என்று முன்கூட்டியே சிப்பைத் தளர்த்தி, அடியில் நூலைக் கோத்து வைப்பவர்களும் இருந்தார்கள். ஸ்க்ரூடிரைவர் முனை வழுக்கினால் ஒன்றுக்கு இரண்டு போர்டு. திரையில் எழுதும் கட்டம் நூறு சதவீதத்தைத் தொடும்வரை கடையில் யாரும் பேசமாட்டார்கள், மின்வாரியத்தை மனதுக்குள் வேண்டிக்கொள்வதைத் தவிர.

இன்று போர்டின் பின்புறத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. பென்டிரைவில் கோப்பைச் சரியான பெயரில் போட்டு, குறிப்பிட்ட யுஎஸ்பி துளையில் செருகி, பொத்தானைச் சில வினாடி அழுத்தினால் பிராசஸரோ ரேமோ இல்லாமலேயே பயாஸ் எழுதப்பட்டுவிடும். பொத்தான் இல்லாத போர்டுக்கு, சிஎச்341ஏ என்ற சிறிய புரோகிராமரும் சிப்பைக் கவ்வும் 8 பின் கிளிப்பும் போதும். விலை சில நூறு ரூபாய். 1.8 வோல்ட் சிப்புக்கு இடையில் ஒரு அடாப்டர் வேண்டும் என்பதை மறக்காமல் இருந்தால் சரி. ஆபத்து போய்விட்டது, ஆபத்தோடு சேர்ந்து அந்தத் திறமைக்கு இருந்த மரியாதையும் போய்விட்டது.

பழுதே இல்லாமல் எழுந்திருக்க மறுக்கும் போர்டும் வந்துவிட்டது. போர்டு புதிது, பிராசஸர் புதிது, இரண்டும் குற்றமற்றவை. போர்டிலுள்ள பயாஸ் அந்தப் பிராசஸர் பிறப்பதற்கு முன் எழுதப்பட்டது. 2018-இல் புதிய ரைசன் பிராசஸர்களை வாங்கியவர்கள் பழைய பயாஸுள்ள ஏஎம்4 போர்டுகளில் இப்படி மாட்டிக்கொண்டார்கள். பயாஸைப் புதுப்பிக்க மட்டும் ஒரு சாதாரண பிராசஸரை ஏஎம்டி நிறுவனமே இரவலாக அனுப்பி, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டது. ரிச்சி தெருவில் கடைக்குக் கடை கைமாறிய ‘நல்ல ரேம்’ நிறுவனத்தின் கூரியர் வரை போயிருந்தது.

கையால் திருத்துவதற்கு ஒரு பொற்காலம் இருந்ததென்றால் அது ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை. தரம் குறைந்த திரவம் ஊற்றிய மின்தேக்கிகள் உலகெங்கும் போர்டுகளில் ஏறிய ஆண்டுகள் அவை. ஓரிரு ஆண்டில் தலை உப்பி, பழுப்பு நிறத்தில் கசிந்து, போர்டு சில நாள் எழுந்து சில நாள் படுக்கும். டெல் நிறுவனம் இந்தச் சீர்கேட்டுக்காக 2005-இல் 300 மில்லியன் டாலரைச் செலவுக் கணக்கில் எழுதியது. நம் ஊரில் அது ஆயிரக்கணக்கான பையன்களுக்குச் சோறு போட்டது. பிராசஸரைச் சுற்றி வரிசையாக நிற்கும் 6.3 வோல்ட் மின்தேக்கிகள். கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம் உறிஞ்சும் பம்ப், ரிச்சி தெருவில் எண்ணி வாங்கிய நல்ல மின்தேக்கிகள். அரை மணி நேரத்தில் போர்டு உயிரோடு. நோய் கண்ணுக்குத் தெரிந்தது, மருந்து கைக்கெட்டியது, கூலி இரு தரப்புக்கும் கட்டுப்படியானது. இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடியது அதற்குப் பிறகு நடக்கவில்லை.

பின்னர் உப்பாத திட மின்தேக்கிகள் வந்தன. போர்டுகள் நீண்ட காலம் உழைக்கின்றன. வாங்குகிறவருக்கு இது சுத்த லாபம். அதே சமயம் 2006 ஜூலையில் ஐரோப்பிய விதியின்படி ஈயம் விலக்கப்பட்டது. ஈயம் கலந்த பற்று 183 டிகிரியில் உருகும். ஈயமற்றது ஏறத்தாழ 217-இல். வித்தியாசம் தாளில் சிறியது. நான்கு அடுக்காக இருந்த போர்டு ஆறு, எட்டு அடுக்காகி, உள்ளே செம்புத் தகடுகள் சூட்டை இழுத்துக்கொண்டு போகும்போது அந்த 34 டிகிரி பெரிய தூரம். 25 வாட் அயர்னை வைத்தால் பற்று கூழாகக்கூட ஆகாது. அடியிலிருந்து சூடேற்றும் பிரீஹீட்டர், மேலிருந்து ஹாட் ஏர் என்று கடையின் முதலீடு ஏறியது.

பிராசஸர் பின்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: 2004 வரை பின் பிராசஸரின் காலில் இருந்தது, வளைந்தால் மெக்கானிக்கல் பென்சிலின் வெற்று முனையில் கோத்து நிமிர்த்தினார்கள். எல்ஜிஏ 775 சாக்கெட்டில் இன்டெல் பின்களைப் போர்டுக்கு மாற்றியது. 2022-இல் ஏஎம்5 மூலம் ஏஎம்டியும் அதே வழிக்கு வந்து, எண்ணிக்கை 1,718 ஆனது. இப்போது நிமிர்த்துவதற்கு மைக்ராஸ்கோப் வேண்டும். வாரண்டிக்காகப் போர்டைத் திருப்பி அனுப்பினால் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

இந்தத் தொழிலில் இரண்டு அடுக்கு உண்டு. கார்டு லெவல் என்றால் ரேம், எஸ்எம்பிஎஸ், டிஸ்ப்ளே கார்டு, போர்டு என்று முழுப்பொருளை மாற்றிப் பார்த்துக் கண்டுபிடிப்பது. சிப் லெவல் என்றால் போர்டுக்குள் இறங்கி, கெட்ட பாகத்தை மட்டும் மாற்றுவது. 2000-களில் தமிழ்நாட்டின் ஒவ்வொரு தாலுகா ஊரிலும் ‘ஹார்டுவேர் அண்ட் நெட்வொர்க்கிங்’ பலகை தொங்கியது. ஆறு மாதம் படித்துவிட்டு, ஸ்க்ரூடிரைவர் செட்டும் ஒரு நல்ல ரேமும் வாங்கிக்கொண்டு கார்டு லெவலில் பிழைக்கலாம். பிழைத்தார்கள். இன்று தேய்ந்திருப்பது அந்தக் கார்டு லெவல் அடுக்குதான். அதில் பாதியை நான்கு விளக்குகள் வாடிக்கையாளரிடமே கொடுத்துவிட்டன. மறு பாதி லேப்டாப்பில் மறைந்தது: பல மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது, மாற்றிப் பார்க்க எதுவும் இல்லை. இன்டெல் நிறுவனமே டெஸ்க்டாப் போர்டுத் தொழிலை விடுவதாக 2013-இல் அறிவித்துவிட்டது.

மிஞ்சிய சிப் லெவல்காரர்களோ, அன்றைய எந்த மெக்கானிக்கையும்விடத் தேர்ந்தவர்கள். இதை ஒப்புக்கொள்ளாமல் பழையதைப் புகழ்வது நியாயமில்லை. மீட்டரை டயோடு முறையில் வைத்து, பிராசஸருக்குப் போகும் சுருள்களில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறார்கள். இன்றைய பிராசஸருக்கு ஒன்று சொச்சம் வோல்டில் நூறு ஆம்பியருக்கு மேல் தேவைப்படலாம். நல்ல போர்டிலேயே அந்த லைன் மீட்டரில் ஷார்ட் போலக் காட்டும். புதிதாக வருகிறவர் அங்கே ஒரு நாளைத் தொலைப்பார். உண்மையான ஷார்ட் என்றால், வெளியிலிருந்து ஒரு வோல்ட் மட்டும் செலுத்தி, வெப்பக் கேமராவில் பார்க்கிறார்கள்; எள்ளளவு மின்தேக்கி ஒன்று வெண்புள்ளியாக ஒளிரும். கேமரா இல்லாதவர் ஆல்கஹாலைத் தடவி, எங்கே முதலில் காய்கிறது என்று பார்க்கிறார். அதை எடுத்துவிட்டால் போர்டு எழுந்துவிடும். அன்றைக்கு இதே போர்டு ‘டெட்’ என்று எடைக்குப் போயிருக்கும்.

விளக்குகளிடமும் முழு உண்மை கிடையாது. டிடிஆர்5 போர்டில் முதல் முறை ரேமைப் போட்டு ஆன் செய்தால், சிக்னல்களின் நேரத்தைப் பிட் பிட்டாகச் சரிபார்த்து, அந்த ரேமுக்கு ஏற்றபடி போர்டு தன்னைப் பழக்கிக்கொள்கிறது. நிறைய ரேம் போட்டிருந்தால் பல நிமிடம் ஆகலாம். சில போர்டுகள் நடுவில் தாமாகவே அணைந்து எரியும். அவ்வளவு நேரமும் திரை கறுப்பு, டிரேம் விளக்கு நின்று எரியும். ரேம் கெட்டிருந்தாலும் எரிவது அதே விளக்குதான். அன்றைய எஃப்எஃப் குழப்பம் வேறு உருவில் திரும்பியிருக்கிறது. பத்து வினாடியில் எழுத்து வராவிட்டால் சுவிட்சை அணை என்று பழகிய கை, போர்டு பழகுவதைப் பாதியில் வெட்டிவிடுகிறது. அடுத்த முறை அது முதலிலிருந்து தொடங்குகிறது. அப்படி நான்கு முறை அணைத்துப் போட்டுவிட்டு, போர்டு டெட் என்று கடைக்குக் கொண்டுவந்தவர்களிடம் மெக்கானிக் செய்யும் ரிப்பேர், ஆன் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது. அதற்கு எவ்வளவு வாங்குவது என்ற பழைய சங்கடம் மட்டும் அப்படியே இருக்கிறது.

கொடுத்ததையும் எடுத்ததையும் கணக்குப் பார்த்தால் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு ஒன்று. 1981-இல் ஐபிஎம் தன் பிசிக்கு ஒரு தொழில்நுட்பக் கையேடு விற்றது. அதில் போர்டின் முழு சர்க்யூட் படமும் இருந்தது. பயாஸின் மூலநிரல் வரிக்கு வரி அச்சாகியிருந்தது. அதைப் பிரதியெடுத்து விற்கக் கூடாது, பதிப்புரிமை உண்டு; ஆனால் படிக்கலாம், பழுது பார்க்கலாம். எந்தக் காலில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்பது காசு கொடுத்த எவருக்கும் தெரிந்தது. கண்டுபிடிக்கும் கருவிதான் இல்லை.

இன்று கருவி இருக்கிறது, படம் இல்லை. போர்டு தயாரிப்பாளர்கள் சர்க்யூட் படத்தை வெளியிடுவதில்லை. 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ என்று ஒரு இணையதளத்தைத் திறந்தது. சர்வீஸ் சென்டர், உதிரிபாகம், வாரண்டி விவரங்களை ஓரிடத்தில் தேடலாம். சிப் லெவல்காரர் தேடும் படம் அங்கேயும் கிடைக்காது. எங்கோ தொழிற்சாலையிலிருந்து கசிந்து, பென்டிரைவிலும் டெலிகிராமிலும் கைமாறி வரும் கோப்புகளை வைத்துத்தான் வேலை ஓடுகிறது. பக்கத்துக்குப் பக்கம் ‘இரகசியம்’ என்று அச்சாகியிருக்கும். கிடைத்த கோப்பு ரிவிஷன் 1.0, மேஜையில் இருக்கும் போர்டு 1.2. ரெசிஸ்டர் எண்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத இடத்தில், ஓடுகிற போர்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் அதே புள்ளியை மீட்டரால் தொட்டு ஒப்பிட்டுக்கொள்கிறார்கள்.